முன்னே கேமரா இருக்கிறது

பிறந்து ஒரு நாள்கூட முழுசாக ஆகாத கோழிக்குஞ்சுகளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியில் காதுதான் முக்கியம். பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கும் அத்தனை குஞ்சும் சேர்ந்து ஒரு சத்தம் போடும். கதகதப்பு சரியாக இருந்தால் அது கொதிக்கப் போகிற தண்ணீர் மாதிரி ஒரே சீராக, தாழ்வாக வரும். குளிர்ந்தாலும் சூடு கூடினாலும் கீச்சென்று ஏறிவிடும். முன்சீட்டுக்குப் பின்னால் கை நுழைகிற அளவுக்கு ஒரு சின்ன ஜன்னல் அதற்காகவே வெட்டியிருந்தது. கொக்கு ஒரு காதை அந்த ஜன்னல் பக்கம் கொடுத்தபடியேதான் பயணம் முழுக்க வருவான்.

கொக்கு என்பது பட்டப்பேர். கால் நீளம், கழுத்தும் நீளம். நாற்பது தாண்டியும் தனி ஆள். அக்கா வீட்டுப் பின்னறையில் ஜாகை. குஞ்சு பொரிக்கிற ஹேச்சரியில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை. வண்டி ஓட்டுகிறவர் அக்கா புருஷன். அக்காவுக்கும் அங்கேதான் வேலை, குஞ்சு எண்ணுகிற மேசையில். டிரைவர் அடிக்கடி சொல்லிச் சிரிப்பார்: "முட்டையை உடைக்கிறது குஞ்சு. எண்ணுறது உன் அக்கா. தூக்குறது நீ. ஓட்டுறது நான். இதுல கோழிக்குத்தான் மாப்ள ஒரு வேலையும் இல்ல."

அக்கா எண்ணுகிறதைப் பார்க்க வேண்டும். ஒரு கைக்கு அஞ்சு குஞ்சு. விரல் இடுக்கில் ஒவ்வொன்றாக அள்ளி, நசுக்காமல், நழுவவிடாமல் பெட்டியில் விடுவாள். வாய் பாட்டுக்குப் பக்கத்து மேசைக்காரியோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும், கை பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருக்கும். பெட்டிக்கு நாலு அறை. எந்த அறையிலும் ஒன்று கூடினதும் இல்லை, குறைந்ததும் இல்லை. இத்தனை வருஷத்தில் அவள் கட்டின பெட்டியை யாரும் பிரித்து மறுபடி எண்ணினதில்லை.

அப்படிப்பட்டவள் பேரில்தான் பழி வந்தது.

வந்த வழியைச் சொல்கிறேன். டிரைவருக்குக் கால் கொஞ்சம் கனம், ஆக்சிலரேட்டரில் வைத்தால் எழும்பாது. ரோட்டோரக் கேமராவில் ரெண்டு தடவை மாட்டிவிட்டார். மூணாவது தடவை மாட்டினால் லைசென்ஸை ஆறு மாசத்துக்கு வாங்கி வைத்துக்கொள்வார்கள். வேறு ஊரில் தங்கிப் படிக்கிற மகள் லீவுக்கு வந்தபோது இந்தக் கவலையைக் கேட்டு, அப்பா போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். கேமரா எங்கெங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியும்; ரோட்டில் போகிறவர்களே பார்த்துப் பார்த்து அமுக்கிச் சேர்ப்பார்களாம். கிட்டே போகும்போது ஒரு பெண் குரல் சொல்லும்: "முன்னே கேமரா இருக்கிறது. வேகத்தைக் குறையுங்கள்."

டிரைவருக்கு அந்தக் குரல் ரொம்பப் பிடித்துவிட்டது. அந்தம்மா, அந்தம்மா என்றுதான் சொல்வார்.

"அந்தம்மா இருக்கிற வரைக்கும் எனக்கென்ன மாப்ள பயம்? கண்ணை மூடிட்டு அமுக்கலாம்."

அமுக்கினார். அந்தம்மா வாய் திறக்கிற வரைக்கும் பறப்பார். திறந்ததும் பிரேக்கில் ஏறி நிற்பார். கேமராவை நல்ல பிள்ளையாகத் தாண்டுவார். தாண்டினதும் மறுபடி பறப்பார். அதற்கு முன்னாலாவது மாட்டிக்கொள்கிற பயத்தில் ஓரளவு சீராகப் போய்க்கொண்டிருந்தார். ஆப் வந்தபிறகு அந்தப் பயமும் போயிற்று. போனை ஒட்டி வைக்கிற ஸ்டாண்டு பிடிப்பு விட்டுப்போனதால், கொக்குதான் அதை மடியில் வைத்துக்கொண்டு வருவான்.

எல்லா ஊரையும் தாண்டித் தூரத்தில் ஒரு பண்ணைக்காரம்மா. பெரிய பண்ணை, பெரிய ஆர்டர். அங்கே போய்ப் பெட்டிகளை இறக்கித் திறந்தபோது பல பெட்டியில் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்து கிடந்தன. மேலே கிடந்தது உயிரோடு, அடியில் கிடந்தது தட்டையாக.

"என்ன டிரைவரே இது? குஞ்சு கேட்டேனா, அப்பளம் கேட்டேனா?" என்றாள் பண்ணைக்காரம்மா.

"எனக்கென்னம்மா தெரியும்? கட்டிக் கொடுத்ததை ஏத்திட்டு வர்றேன்."

பண்ணையிலிருந்து ஹேச்சரிக்குப் போன் போயிற்று. மறுநாள் காலையில் சூப்பர்வைசர் அக்காவின் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். நல்ல மனுஷன்தான். ஆனால் அவருக்கு மேலேயும் ஆள் இருக்கிறது.

"ஏம்மா, அறைக்கு ஒண்ணு ரெண்டு கூடப் போட்டு நெருக்கிட்டியா?"

"என் கை நெருக்காது சார்."

"கை நெருக்காதும்மா. வயசு நெருக்கும். எண்ணும்போது பேச்சு வேற. அடுத்த வாரம் அதே பண்ணைக்குத்தான் பெரிய லோடு போகுது. அதுலயும் இப்படி ஆச்சுன்னா, உன்னைத் தட்டுக் கழுவுற பக்கம் மாத்தச் சொல்றாங்க. நானா சொல்லல."

முட்டை அடுக்குகிற தட்டுகளைக் கழுவுகிற இடம் என்றால் நாள் முழுக்க ஈரம். அதோடு மூக்கைத் துளைக்கிற மருந்துத் தண்ணீர். அக்காவுக்கு ஏற்கெனவே மூச்சிரைப்பு உண்டு. அந்தப் பக்கம் ஒரு வாளி எடுக்கப் போனாலே இருமிக்கொண்டு வருவாள். மேசையில் இருந்த மற்றப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு எண்ணினார்கள். அன்றைக்கு அக்கா யாரோடும் பேசவில்லை. வாய்க்குள்ளேயே உதடு அசைய, முதல் நாள் வேலைக்கு வந்தவள் மாதிரி ஒண்ணு ரெண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கத்தான் கொக்குக்குப் பொறுக்கவில்லை.

வீட்டில் அன்று ரொட்டியும் முட்டைக் குழம்பும். ஹேச்சரியில் பொரிக்க வைக்காமல் கழித்த முட்டையைக் கூடைக்கணக்கில் கொடுப்பார்கள். அந்த வீட்டில் முட்டை இல்லாத சாப்பாடு என்றால் யாருக்காவது காய்ச்சல் என்று அர்த்தம்.

"அந்தப் பண்ணைக்காரி இறக்கி வைக்கும்போது சாய்ச்சிருப்பா," என்றார் டிரைவர்.

"இறக்கினது என் தம்பி. அவன் சாய்ப்பானா?"

"அப்ப நீதான் ஒரு கை கூடப் போட்டிருக்கணும். மனுஷிதானே, தப்பு வராதா? அதுல என்ன கௌரவம்?"

அக்கா கரண்டியைக் குழம்புச் சட்டியில் வைத்தாள். வைத்த சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

"ஏங்க, உங்க வண்டியில தப்பே வராதா?"

"வண்டியில எப்படி வரும்? அந்தம்மா சொல்றா, நான் கேக்கறேன். ஒரு கேமராவுலயும் மாட்டல."

"ஓகோ. கட்டின நாள்லேருந்து மெதுவாப் போங்க, மெதுவாப் போங்கன்னு நான் கத்தறேன், அது காதுல ஏறல. போனுக்குள்ள இருக்கற ஒருத்தி சொன்னா உடனே கேக்குது. எனக்கும் ஒரு பேட்டரி போட்டு விடுங்க."

டிரைவர் சிரித்துவிட்டார். அக்காவும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் இன்னொரு ரொட்டி போட்டாள். ஆனால் பாத்திரம் கழுவும்போது கொக்கு பக்கத்தில் போய் நின்றதும் மெதுவாகச் சொன்னாள்: "தட்டுக் கழுவுறது ஒண்ணும் கேவலம் இல்லடா. மூச்சுதான் விடமுடியாது. நீ பெட்டியோடயே போறவன். வழியில என்னதான் ஆகுதுன்னு பாரேன்."

என்ன ஆகிறதென்று கொக்குக்குத் தெரியும். செத்த குஞ்சைப் பொறுக்கி எடுத்தவன் அவன்தானே. எல்லாம் பெட்டியின் முன்பக்கத்து ரெண்டு அறையில்தான் கிடந்தன, வண்டியின் மூக்கைப் பார்த்த பக்கம். பின்னறைகளில் ஒன்றுகூடச் சாகவில்லை. நெருக்கித் திணித்திருந்தால் நாலு அறையிலும் சாகும். பிரேக் போடும்போது எல்லாம் முன்னால் சரிந்து குவிகிறது, அவ்வளவுதான். ஆனால் இதை அக்காவிடம் சொன்னால் வீடு ரெண்டாகும். மாமாவிடம் சொல்வதுதான் முறை.

மறுநாள் வேறொரு பக்கம் லோடு. வழியில் மெதுவாக ஆரம்பித்தான்.

"மாமா, பிரேக்கைக் கொஞ்சம் பதமா வச்சா…"

"மாப்ள, உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது."

"சைக்கிள்?"

"அது தெரியும்."

"அப்ப சைக்கிளுக்கு ஏதாவது யோசனை இருந்தா சொல்லு." அந்த நேரம் பார்த்து அந்தம்மா வாயைத் திறக்க, டிரைவர் பிரேக்கில் ஏற, பின்னால் கீச்சென்று ஒரு கூச்சல் எழுந்து அடங்கியது. "அவ சத்தத்தைக் குறைடா, காது கிழியுது."

கொக்கு போனை எடுத்தான். கட்டைவிரலில் வேர்வை, அதன்மேல் ஒட்டின குஞ்சு மயிர். எங்கே அமுக்கினான் என்று அவனுக்கே தெரியாது. திரையில் ஒரு கேமராப் படம் எழும்பியது. பயந்துபோய் இன்னொரு இடத்தில் அமுக்கினான். "நன்றி. உங்கள் தகவல் மற்ற ஓட்டுநர்களுக்கு உதவும்," என்றது போன்.

"என்னவாம்?"

"நன்றி சொல்லுது மாமா."

"சத்தத்தைக் குறைக்கச் சொன்னதுக்கா? நல்ல மரியாதை."

ரெண்டு நாள் கழித்து அதே வழியில் போகும்போது, அதே இடத்தில், ஒரு பழைய தண்ணீர்த்தொட்டி தவிர வேறெதுவும் இல்லாத வெட்டவெளியில், "முன்னே கேமரா இருக்கிறது," என்றாள் அந்தம்மா. டிரைவர் ஏறி மிதித்தார். கழுத்தை நீட்டித் தொட்டியைச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"எங்க வச்சிருக்கான் பாத்தியா? தொட்டி மேல. கண்ணுக்கே தெரியல. கில்லாடிப் பயலுக."

கொக்கு சிரிப்பு வெளியே தெரியாமல் முகத்தைப் பின்னால் இருந்த சின்ன ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். மாமாவை ஒரு தண்ணீர்த்தொட்டிக்கு அடங்கவைக்கத் தன் கட்டைவிரலால் முடியும் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை.

ஆனால் ஒரு கேமரா கூடினால் ஒரு பிரேக் கூடுகிறது. அது குஞ்சுக்கு இன்னும் கேடு. அன்று இறக்கின இடத்திலும் முன்னறைகளில் கொஞ்சம் செத்திருந்தது. நல்லவேளை, அந்தப் பண்ணைக்காரன் முணுமுணுத்ததோடு விட்டுவிட்டான். காலிப் பெட்டிகளோடு திரும்பும்போது கொக்கு யோசித்துக்கொண்டே வந்தான். நடுவில் இடைவெளி இருப்பதால்தானே பறக்கிறார். ஒன்றைத் தாண்டினதும் அடுத்தது, அதைத் தாண்டினதும் அதற்கடுத்தது என்று இருந்தால்? வேகம் பிடிக்க இடமே இல்லையென்றால் பிரேக்குக்கு என்ன வேலை?

பண்ணைக்காரம்மா பண்ணைக்குப் போகிற ரோட்டில் அந்த வாரம் ஒரு சின்ன லோடு இருந்தது. திரும்பி வரும்போது வழி முழுக்க அமுக்கினான். 'இந்தப் பக்கமா, எதிர்ப்பக்கமா' என்று போன் கேட்டது. லோடு போகிற பக்கம் அதுதானே என்று, எழுத்துக்கூட்டிப் படித்து எதிர்ப்பக்கத்தை அமுக்கினான். பாலம், வளைவு, பெட்ரோல் பங்க், மூடிக்கிடந்த செங்கல் சூளை, மாடு மேய்கிற வெளி எல்லாவற்றுக்கும் ஒவ்வொன்று. "நன்றி, நன்றி" என்று போன் சொல்லிக்கொண்டே வந்தது.

"என்னடா ஓயாம நன்றி சொல்லுது?"

"விளையாட்டு மாமா. ஜெயிக்க ஜெயிக்கச் சொல்லும்."

"நீ எதுலயாவது ஜெயிச்சா சரி."

பெரிய லோடு நாள் வந்தது. விடிகிறதற்கு முன்னால் அக்கா பெட்டிகளைக் கட்டினாள். சூப்பர்வைசர் பக்கத்திலேயே நின்று பார்த்தார். கடைசிப் பெட்டியைக் கொக்கு தூக்கும்போது அதன் மூடிமேல் ஒரு தரம் உள்ளங்கையை வைத்து எடுத்தாள். "பாத்துப் போங்க," என்றாள். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

மேகமூட்டமான காலை. லேசான தூறல். குஞ்சுக்கு ஏற்ற நாள். ரோட்டில் ஏறினதும் டிரைவர் காலை அழுத்தினார். அந்தம்மா சொன்னாள். குறைத்தார். பாலம் தாண்டினதும் அழுத்தப் போனார். மறுபடி சொன்னாள். வளைவில் சொன்னாள். பங்கில் சொன்னாள். சூளையில் சொன்னாள்.

"என்ன மாப்ள, கல்யாண வீட்டு வாசல் மாதிரி வரிசையா நிக்கிறாங்க?"

"காலம் கெட்டுப்போச்சு மாமா."

கொஞ்ச தூரத்தில் டிரைவர் அலுத்துப்போய் அழுத்துகிறதையே விட்டுவிட்டார். வண்டி ஒரே சீராகப் போயிற்று. ஜன்னல் வழியாக வந்த முணுமுணுப்பு மாறவே இல்லை. கொக்கு அதைக் கேட்டுக்கொண்டே கண்ணைக்கூட ஒரு நிமிஷம் மூடினான். அவர் பாட்டுக்கு ஸ்டீயரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு, நின்றுபோன பழைய சினிமாக்கொட்டகை ஒன்றில் தான் டிக்கெட் கிழித்த கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். இத்தனை நாள் கூடவே வந்தும் அந்தக் கதையைக் கொக்கு கேட்டதில்லை. பறக்கிறபோது பேசமுடியாதே.

பாதிக்கு மேல் வந்தாயிற்று. டீக்கடையில் வழக்கம்போல் நிறுத்தி, வண்டியில் இருந்தபடியே டீ வாங்கினார்கள். கேஸ் சிலிண்டர் லாரிக்காரர் ஒருத்தர் கடை பெஞ்சில் உட்கார்ந்து பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, இன்னிக்கு ஊர்வலம் மாதிரி வர்றீங்க?" என்றார் டிரைவரைப் பார்த்து.

"ரோடு பூரா கேமராண்ணே. எப்ப வச்சாங்கன்னே தெரியல."

"அட, அதை நம்புறீங்களா? நேத்து நான் அந்தச் சூளைகிட்ட வண்டிய நிறுத்தி இறங்கியே பாத்தேன். ஒரு கேமராவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஒரு நாய் படுத்திருக்கு. எவனோ வேலையத்தவன் உக்காந்து அமுக்கி விட்டிருக்கான். ரெண்டு மூணு நாளா ஊர்ந்துட்டே போறேன், அவன் கையில கிடைச்சான்னா…" என்று மிச்சப் பன்னை வாயில் போட்டார்.

டிரைவர் டீயைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கொடுத்தார். பிறகுதான் மெதுவாகத் திரும்பிக் கொக்கின் மடியைப் பார்த்தார். மடியில் போன். போன்மேல் கட்டைவிரல்.

வண்டி ரோட்டில் ஏறினபிறகு கேட்டார்: "நீயாடா?"

"ஆமா மாமா."

"எல்லாமேவா?"

"நிஜமானதும் நடுநடுவுல இருக்கு."

"எது நிஜம், எது நீ வச்சது?"

"கலந்துபோச்சு மாமா. எனக்கே தெரியல."

டிரைவரின் முகம் சிவந்தது. காலை அழுத்தினார். வேகம் காட்டுகிற முள் ஏறியது. மரங்கள் பின்னால் ஓடின. "என்னை ஏமாத்திக் கைக்குழந்தை மாதிரி ஓட்ட வச்சிருக்கே. அந்த லாரிக்காரன் முன்னால என் மானம் போச்சு. வேற ஆள் கேக்கறேன் நாளைக்கு. நீ ஹேச்சரிக்குள்ளேயே கெட."

"கேளுங்க மாமா. ஆனா இன்னிக்குச் செத்துதுன்னா அக்கா தட்டுக் கழுவப் போகணும். இப்பவே புதுசா வந்தவ மாதிரி மேசையில உதட்டை அசைச்சு அசைச்சு எண்ணிட்டு உக்காந்திருக்கா. போன தடவை செத்ததெல்லாம் முன்னறைதான். ஒண்ணுகூடப் பின்னறை இல்ல. பொறுக்கினவன் நான். சொல்ல வந்தேன், சைக்கிளுக்கு யோசனை சொல்லுன்னீங்க."

வண்டி அதே வேகத்தில் போயிற்று. கொக்கு ஜன்னலில் காதை வைத்துக்கொண்டான்.

"முன்னே கேமரா இருக்கிறது. வேகத்தைக் குறையுங்கள்."

"வாயை மூடு. எல்லாம் தெரியும்," என்றார் டிரைவர் போனைப் பார்த்து.

ஆனால் கால் பிரேக்குக்குப் போகவில்லை. அழுத்தியிருந்த இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எழும்பியது. முள் இறங்க இறங்க, பின்னால் ஏறியிருந்த கீச்சுக்குரலும் இறங்கியது. அதற்குப்பிறகு மிச்ச தூரம் முழுக்க அவர் அந்தம்மா சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஒரே சீராகத்தான் போனார். சினிமாக்கொட்டகைக் கதையை மட்டும் விட்ட இடத்திலிருந்து தொடரவில்லை.

பண்ணையில் பெட்டிகளை இறக்கினார்கள். பண்ணைக்காரம்மா ஒவ்வொரு மூடியாகத் திறந்தாள். திறந்த பெட்டியிலெல்லாம் மஞ்சள் மஞ்சளாகத் தலைகள் நிமிர்ந்து பார்த்தன. ஒரே ஒரு பெட்டியில் ஒன்று மட்டும் கிடந்தது. அது பிறக்கும்போதே நோஞ்சான் என்று அவளே சொன்னாள். குஞ்சுகளைக் கதகதப்பான உமிமேல் கொட்டினதும் அவை நாலாபக்கமும் ஓடித் தண்ணீரில் அலகை நனைத்தன. கொக்கு அதைப் பார்த்துக்கொண்டே காலிப் பெட்டியைக் கையில் வைத்தபடி நின்றுவிட்டான்.

"பரவாயில்லையே," என்றாள் பண்ணைக்காரம்மா. "நான் போன் பண்ணிச் சத்தம் போட்டது வேலை செஞ்சிருக்கு. இந்தத் தடவை அந்தப் பொம்பளை ஒழுங்கா எண்ணிப் போட்டிருக்கா."

கொக்கு வாயைத் திறப்பதற்குள் டிரைவர் முன்னால் வந்தார். தொண்டையைச் செருமினார். துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த முகத்தையே இன்னொரு தரம் துடைத்தார்.

"அம்மா, அவ எப்பவும் ஒழுங்காத்தான் எண்ணுவா. போன தடவை செத்தது என் பிரேக்குல. நான்தான் கண்டபடி மிதிச்சுட்டு வந்தேன்."

"அப்ப சொல்லலையே?"

"அப்ப தெரியலம்மா. அப்புறம் தெரிஞ்சுக்க மனசு வரல. அந்தப் பொம்பளைன்னு சொன்னீங்களே, என் வீட்டுக்காரிதான். சூப்பர்வைசருக்கு ஒரு போன் போடுங்க. நான் சொல்றேன், நீங்க பக்கத்துல நில்லுங்க."

பண்ணைக்காரம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "உங்க வேலைக்குச் சிக்கல் வராதா டிரைவரே?"

"வரட்டும்மா. திட்டுவாரு, வாங்கிக்கலாம். அவ அந்த மேசையில உதட்டை அசைச்சு அசைச்சு எண்ணிட்டு உக்காந்திருக்காளாம். அதைக் கேட்டுட்டு என்னால சாப்பிட முடியாது."

போன் போட்டார்கள். சூப்பர்வைசர் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் கத்தினது கொக்குக்கே கேட்டது. டிரைவர் "ஆமா சார்", "தப்புதான் சார்" என்று தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். கடைசியில், "அவகிட்ட நீங்களே போய்ச் சொல்லிடுங்க சார். நான் சொன்னா நம்பமாட்டா," என்றார். அந்தப் பக்கம் சிரிக்கிற சத்தம் கேட்டது. பண்ணைக்காரம்மா ரெண்டு பேருக்கும் சூடாகப் பாலும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள். அன்றைக்குத்தான் முட்டை இல்லாமல் ஒரு வேளை சாப்பிட்டார்கள்.

திரும்பும்போது தூறல் நின்று வெயில் சுள்ளென்று வந்தது. வண்டி காலி. பின்னால் ஒரு சத்தமும் இல்லை. ஜன்னலில் காது வைக்க வேண்டிய வேலையும் இல்லை. கொக்கு காலை நீட்டி உட்கார்ந்தான்.

"வேற ஆள் கேக்கப் போறீங்களா மாமா?"

"கேட்டா எவன் வருவான்? வர்றவனும் உன்னைவிடப் பெரிய திருடனா இருந்துட்டா?" டிரைவர் வெயில் மறைப்பைக் கீழே இறக்கிவிட்டார். "அக்காகிட்ட இந்தக் கேமரா சங்கதியைச் சொல்லிராதே. பிரேக்கைச் சொன்னது போதும்."

"ஏன் மாமா?"

"அப்புறம் உன்னை மாதிரி அமுக்குறதுக்கு அவளும் ஒரு போன் வாங்கிக் கொடுங்கம்பா."

கொக்கு விழுந்து விழுந்து சிரித்தான். டிரைவரும் சிரித்தார். செங்கல் சூளை எதிர்ப்பட்டது. நாய் இன்னும் அங்கேதான் படுத்திருந்தது. அந்தச் சூளைப் பக்கம் வந்ததும் போன் ஒரு மணி அடித்துக் கேட்டது: "எதிர்ப்பக்கத்தில் இங்கே கேமரா இல்லை என்று ஒருவர் சொல்கிறார். இன்னும் இருக்கிறதா?" கீழே ரெண்டு பொத்தான். பச்சையில் 'இருக்கு', சிவப்பில் 'இல்லை'.

கொக்கு மாமாவின் முகத்தைப் பார்த்தான். விரலை எங்கேயும் வைக்கவில்லை.

டிரைவர் வண்டியை ஓரமாக ஒதுக்கி நிறுத்தினார். போனை அவன் மடியிலிருந்து எடுத்தார். கண்ணை இடுக்கிச் சூளையைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், நாளைக்கு லோடு ஏற்றிக்கொண்டு வரப்போகிற எதிர்ப்பக்கத்து ரோட்டைப் பார்த்தார்.

"இருக்கும்மா, இருக்கு," என்று சொல்லிப் பச்சையை அமுக்கினார்.